கம்பெனி வேற, வூடு வேற

தலைமை ஆசிரியர் அறையில் அன்று மின்சாரம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரகடம் சாலையில் போகிற டிரெய்லர் லாரிகளின் தூசி உள்ளே வரும். மூடினால் வேர்க்கும். மூடித்தான் வைத்திருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் நிவேதா நின்றிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளிப் பெண்கள் கபடி அணியின் கேப்டன். அவளுக்கு ஒரு பக்கம் அவளுடைய அம்மா. புடவைக்கு மேல் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. ஷிப்டுக்கு நடுவில் பர்மிஷன் போட்டு வந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம் பெரியப்பா. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேன்கள் வைத்திருப்பவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு குறைவு.

"சொல்லு பாப்பா. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? இந்த மிஸ்ஸுதானே?"

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

நிவேதா அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கல்வி அலுவலகத்துக்குப் புகார் போகும். வகுப்பில் சாதியைப் பேசிப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டாள் என்று. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிற என்னை எங்காவது தூக்கி அடிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் அந்தப் பேச்சை வாயில்கூட எடுக்க மாட்டார்கள்.

எனக்குப் பயம் வரவில்லை. அசதிதான் வந்தது. ஒரு நாற்காலி கிடைத்தால் உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது.

நிவேதா கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே குரலில் 'அதெல்லாம் இல்ல மிஸ்'

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார். "மெட்ராஸ் பக்கத்துலயே, இவ்வளவு கம்பெனி வந்தப்புறம் கூடவா மேடம் அதெல்லாம் இருக்கு?" என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த வாரம், எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்வதாக இல்லை.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. செங்கல்பட்டில் ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, கம்பெனிக்குப் போகிறவர்களோடு ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பள்ளிக்குப் போவேன். பல வருடங்களாக இதுதான். முழங்கால் தேய்ந்தது பாதி அந்த ஆட்டோவில், மீதி கரும்பலகைக்கு முன்னால். தொண்டை தூசிக்கே போய்விட்டது. கைப்பையில் பேனா இல்லாமல் போகலாம், இருமல் மிட்டாய் இல்லாமல் போகாது.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் முன்பு நெல் வயல் இருந்ததாம். நான் வந்தபோது அங்கே ஒரு கம்பெனியின் மதில் எழும்பியிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனியின் பெயர்ப்பலகையில் இப்போது வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவரிலிருந்து எங்கள் அலுவலக உதவியாளர் வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்குத்தான் வருவார்கள். ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பெரிய வினா கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சட்டப் பிரிவின் எண்ணைச் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவார்கள்.

"சரி, நம்ம ஊர்ல அது இருக்கா?" என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொல்லும்: "அதெல்லாம் இல்ல மிஸ்!"

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் பார்த்தால் இரண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "ஃப்ரெண்ட்ஸ் மிஸ்" என்பார்கள். பொய்யும் இல்லை. ஃப்ரெண்ட்ஸ்தான்.

சார்ட் பேப்பரும் சமோசாவும்

எங்களுக்குப் பயிற்சி கொடுக்காமல் இல்லை. மாணவர்களோடு பாகுபாடு பற்றி எப்படி உரையாடுவது என்று மாவட்டத் தலைநகரில் கூப்பிட்டுப் பயிற்சி வைத்தார்கள். குழு குழுவாகப் பிரித்தார்கள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. சமத்துவ மரம் ஒன்று வரையச் சொன்னார்கள். வேர் எது, கிளை எது, கனி எது என்று எழுத வேண்டும். எங்கள் குழுவின் மரம் நன்றாக இருந்ததாகச் சொல்லிச் சுவரில் ஒட்டினார்கள்.

இடைவேளையில் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே, மரத்துக்கு வேர் வரைந்த ஆசிரியை என்னிடம் கேட்டார். "மேடத்துக்குச் சொந்த ஊரு எது?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" சொன்னேன். "ஓ, அந்தத் தெருவா. அங்க எங்க ஆளுங்ககூட இருக்காங்களே. நீங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

நான் தேநீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போனேன். அவர் கெட்டவர் இல்லை. பயிற்சி முடிந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால், "உனக்கு எதுக்கு வம்பு, பாடத்தை நடத்திட்டு வா" என்பார்கள். அப்படியே பல வருடம் நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

தேவி விளையாட வரவில்லை

அந்த வருடம் எங்கள் பெண்கள் குறுவட்டக் கபடிப் போட்டியில் ஜெயித்தார்கள். எங்கள் பள்ளிக்கு அது பெரிய விஷயம். ஆண்கள் அணிக்கு இருக்கிற பனியன்கூடப் பெண்களுக்குக் கிடையாது. ஜெயித்தது இரண்டு பேரால். பிடிப்பதில் நிவேதா, பாடிப் போவதில் தேவி. தேவி காலனிப் பெண். மெலிந்த உடம்பு. எதிரணி நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் எப்படியோ நழுவி வந்து கோட்டைத் தொட்டுவிடுவாள்.

ஜெயித்த மறுவாரம் தேவி மைதானத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாவட்டப் போட்டி வரப்போகிறது என்று உடற்கல்வி ஆசிரியர் புலம்பினார்.

"பொம்பளப் பசங்க சண்ட மேடம். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

தேவியிடம் கேட்டேன். "கால் வலி மிஸ்" என்றாள். சொல்லிவிட்டுப் படியை இரண்டு இரண்டாகத் தாண்டி மேலே ஓடினாள்.

நிவேதாவிடம் கேட்டேன். "தெரியல மிஸ்" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. தோண்டிக் கேட்டால் வராது என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை என்னுடையது. அதைப் பேசுவதற்கென்று வைத்தேன். சார்ட் பேப்பர் இல்லை, மரம் இல்லை. மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். கண்ணால் பார்த்ததைத்தான் பேச வேண்டும். யாருடைய பெயரும் சொல்லக் கூடாது. யாரும் சிரிக்கக் கூடாது.

முதல் வெள்ளி, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த வெள்ளி ஒருத்தி, தன்னைக் கறுப்பு என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். அதற்கு ஒரு பையன், "அது சும்மா ஜாலிக்கு மிஸ்" என்றான். "உனக்கு ஜாலி. எனக்கு இல்ல" என்றாள் அவள். வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதற்கடுத்து காலனிப் பையன் ஒருவன் எழுந்தான். "திருவிழாவுல சாமி எங்க தெருமுனை வரைக்கும் வரும் மிஸ். அதோட திரும்பிடும். சின்ன வயசுல, ட்ராக்டர் திரும்பறதுக்கு அங்கதான் எடம் இருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஓர் இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போது நிவேதா எழுந்தாள்.

"எங்க வூட்ல நடந்துச்சி மிஸ்."

"பேர் சொல்லக் கூடாதும்மா."

"சொல்லல மிஸ். எங்க வூடுன்னுதான் சொல்றேன். மேட்ச்ல ஜெயிச்சிட்டு வந்த அன்னிக்கி மழ. எங்க வூட்ல டீ குடிச்சோம். எல்லாருக்கும் டம்ளர்ல குடுத்தாங்க. ரெண்டு பேருக்கு மட்டும் பேப்பர் கப்புல. எங்கம்மாதான் குடுத்தாங்க. நான் பாத்துகினே இருந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெயர் சொல்லவில்லைதான். அந்த இன்னொரு பெண் வேறு வகுப்பு. வகுப்பு முழுவதும் திரும்பித் தேவியைப் பார்த்தது. தேவி கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பள்ளி விடுகிற மணி அடித்தது.

அன்று சாயங்காலமே செய்தி மதிலின் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பாடவேளை முடிவதற்குள் என்னைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

நிவேதா சொன்னது

"கேக்கறேன்ல? யாரு சொல்லிக் குடுத்தது?" பெரியப்பாவின் குரல் ஏறியது.

நிவேதா தலையை நிமிர்த்தினாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல பெரிப்பா. மிஸ்ஸு பேர் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் சொன்னேன்."

"உங்கம்மாவ நாலு பேருக்கு முன்னால அசிங்கப்படுத்திட்ட. தெரியுதா?"

"நான் நடந்தத சொன்னேன்."

அவர் கையை ஓங்கியபடி ஓர் எட்டு முன்னால் வந்தார். நிவேதாவின் அம்மா சட்டென்று மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வுடுங்க மாமா. ஸ்கூலு இது." பிறகு மகளிடம், என்னையும் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இனிமே கபடியும் வேணாம், ஒண்ணியும் வேணாம். ஸ்கூல் வுட்டா வூடு. அவ்ளோதான்."

நிவேதாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

அவர்கள் போன பிறகு தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவரும் என்னைப் போலத்தான், ஓய்வுக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல மேடம். ஆனா அந்த ஆளு நாளைக்குப் பத்து பேரோட வருவாரு. பரீட்சை வரைக்கும் இதக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா?"

"பாடத்துல இருக்கு சார்."

"பாடத்துல இருக்கறத எல்லாமா நடத்தறோம்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது.

தேவியின் கோபம்

மறுநாள் மதியம் தேவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். தனக்காகப் பேசிய நிவேதாவைக் கபடியிலிருந்து நிறுத்திவிட்டார்களே என்று வருத்தப்படப்போகிறாள் என நினைத்து வெளியே வந்தேன்.

"அவ எதுக்கு மிஸ் சொன்னா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. யாருக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. எங்கம்மா ராத்திரி சோறு துன்னல. கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்கறாங்க. நடந்தது எனக்கு. அவளுக்கு இல்ல. அவ ஏன் சொல்லணும்?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். எந்தப் பயிற்சியிலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தரவில்லை. நிவேதா செய்தது தைரியமான காரியம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதைத் தேவியிடம் போய்ச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

"உனக்கு என்ன செய்யணும்னு தோணுதும்மா?"

மரத்தடியில் பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"நானே சொல்லணும் மிஸ்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். ஒளிந்து செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர் என்னையே பார்த்தார். "கதவ மூடிக்கிட்டு நடத்துங்க" என்றார்.

தேவி முன்னால் வரவில்லை. தன் இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"அன்னிக்கி எல்லாரும் நனைஞ்சிட்டோம். தல தொவட்ட துண்டு குடுத்தாங்க. டீ போட்டாங்க. எனக்குப் பேப்பர் கப்புல வந்தப்ப, டம்ளர் பத்தல போலன்னு நெனச்சேன். கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். உள்ள பாத்தா ஷெல்ஃபுல டம்ளருங்க வரிசையா அடுக்கி கீது."

நிறுத்தினாள்.

"டீ நல்லா இருந்துச்சி. இஞ்சி தட்டிப் போட்டு. அதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சி. கேவலமா இருந்திருந்தா கொட்டிட்டு வந்திருப்பேன். நல்லா இருந்ததால குடிச்சிட்டேன். குடிச்சிட்டு வூட்டுக்குப் போற வழியெல்லாம் ஏன் குடிச்சோம், ஏன் குடிச்சோம்னு இருந்துச்சி."

பிறகு நிவேதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பாத்துகினு இருந்தத நானும் பாத்தேன். கபடில உன் கையப் புடிச்சிகினுதான் நிக்கணும். எனக்கு அதுக்கப்புறம் புடிக்கத் தோணல. அதான் வரல. கால் வலியெல்லாம் இல்ல."

வகுப்பில் ஒரு பையன் மூக்கை உறிஞ்சினான். நிவேதா எழுந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் கேட்டது வேறு.

"நான் உன்னக் கேக்காம சொல்லியிருக்கக் கூடாது இல்ல?"

"ஆமா. கூடாது."

"சரி." உட்காரப் போனவள் திரும்பி, "நீ விளையாடு தேவி. நான்தான் வர முடியாது" என்றாள்.

தேவி உட்கார்ந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்தில் அவள் குரல் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மைதானத்து ஓரத்தில் நிவேதா புத்தகப்பையோடு நின்று பார்த்தாள். அவள் தெருவைச் சேர்ந்த பையன் ஒருவன் சைக்கிளில் வந்து கூப்பிட்டதும் போய்விட்டாள்.

இதை வெற்றி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாவட்டப் போட்டியில் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பிடிக்க ஆள் இல்லை.

ஷேர் ஆட்டோவில் நிவேதாவின் அம்மா

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. சிங்கப்பெருமாள் கோவிலில் ஆட்டோ ஏறியபோதே தலை வலித்தது. வழியில் ஒரு கம்பெனி வாசலில் ஆட்டோ நின்று ஆள் ஏற்றியது. நைட் ஷிப்டு முடித்த முகத்தோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது நிவேதாவின் அம்மா.

இருவருக்குமே வேறு இடம் இல்லை.

"பஸ்ஸ வுட்டுட்டேன் மிஸ்" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "இன்சார்ஜு நிறுத்தி வச்சிட்டாரு."

தலையாட்டினேன்.

"எம்மேல கோவமா இருப்பீங்க."

"கோபமெல்லாம் இல்லம்மா. தூக்கம்தான் வருது."

அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"தேவி அம்மாவும் நானும் ஒரே லைன்தான் மிஸ். எனக்கு முந்தின ஸ்டேஷன் அவ. அவ மாட்டிக் குடுக்கற பார்ட்டுலதான் நான் ஸ்க்ரூ போடணும். சேந்ததுலேர்ந்து ஒண்ணாத்தான் சாப்புடறோம். கேன்டீன் கொழம்பு வாயில வைக்க முடியாது. அவதான் வூட்லேர்ந்து ஊறுகா கொண்டாருவா. ரெண்டு பேரும் ஒரே டப்பாலதான் தொட்டுக்குவோம்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"இன்னா மிஸ் அப்பிடிப் பாக்கறீங்க?"

"அப்புறம் ஏம்மா?"

"கம்பெனி வேற, வூடு வேற மிஸ்."

ஆட்டோ ஒரு டிரெய்லருக்குப் பின்னால் ஊர்ந்தது.

"அன்னிக்கி மாமியா கூடத்துல ஒக்காந்துகினு இருந்தாங்க. பங்காளிங்க வூட்டு ஆளுங்க வேற. யாரு வூட்டுப் பொண்ணுங்க இதுங்கன்னு மாமியா கேட்டாங்க. சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல மிஸ். சும்மா என்னைப் பாத்தாங்க. என் கை தானா பேப்பர் கப்ப எடுத்துச்சி. தேவின்னு எனக்குத் தெரியும். அவ அம்மா மூஞ்சி அப்பிடியே இருக்கும் அவளுக்கு."

"தேவி அம்மா உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டிருந்தாகூடப் பரவால்ல மிஸ். திட்டியிருந்தா இன்னும் நல்லாருக்கும். தட்ட எடுத்துகினு வேற டேபிளுக்குப் போயிட்டா. லைன்ல பக்கத்துலதான் நிக்கறா. பார்ட்ட மட்டும் தள்ளி வுடறா. வாயத் தொறக்கறதில்ல. எட்டு மணி நேரம் மிஸ். பக்கத்துலயே."

அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குற்றம் சொல்லவும் தெம்பில்லை.

"அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுங்க."

"அவங்க தெருவுக்கா?" அவள் நான் ஏதோ வெளிநாட்டுக்குப் போகச் சொன்னதுபோலப் பார்த்தாள். "கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து அந்தத் தெருவுல கால் வச்சதில்ல மிஸ். வூடு எதுன்னுகூடத் தெரியாது."

"கேட்டா சொல்லுவாங்க."

காலனி வளைவு வருவதற்குச் சற்று முன்னால் அவள் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வண்டிய ஓரம் கட்டுப்பா."

"ஊரு இன்னும் வரலக்கா" என்றார் ஓட்டுநர்.

"தெரியும். நிறுத்து."

இறங்கினாள். ஆட்டோ கிளம்பியது. நான் கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை. திரும்பவும் இல்லை. மதில் மறைக்கும்வரை அப்படியேதான் நின்றிருந்தாள்.

திங்களும் செவ்வாயும்

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் தேவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், நிவேதா அம்மா எங்க தெருமுனைக்கு வந்தாங்களாம். எங்கம்மா கொழாயாண்ட நின்னுகினு பாத்தாங்களாம்."

"உள்ள வந்தாங்களா?"

"இல்ல. ரொம்ப நேரம் நின்னாங்களாம். அப்புறம் போயிட்டாங்களாம்."

"உங்கம்மா கூப்பிடலையா?"

தேவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கம்மா ஏன் மிஸ் கூப்புடணும்?"

"கூப்பிட வேணாம். சும்மா கேட்டேன்."

அவள் கொஞ்சம் தணிந்தாள். செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டே சொன்னாள். "கூப்புட மாட்டேன், ஆனா கேன்டீன்ல அவ என் பக்கத்துல வந்து ஒக்காந்தா எழுந்து போவ மாட்டேன்னு எங்கம்மா சொன்னாங்க."

"இத நீ நிவேதாகிட்ட சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குள் போனாள். ஆனால் சொல்லியிருக்கிறாள். அன்று மதியம் இருவரும் கைகழுவும் இடத்தில் நின்று ஏதோ பேசியதை நான் பார்த்தேன். நான் வருவதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நானும் தண்ணீர் குடிக்க வந்தவள்போல வேறு பக்கம் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது தேவி தன் பெயர் வந்ததும் "உள்ளேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள்.

"என்ன?"

மேசைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நேத்து நைட் ஷிப்டுல, கேன்டீன்ல ஒக்காந்தாங்களாம் மிஸ். எங்கம்மா பக்கத்துல."

"பேசினாங்களா?"

தேவி இல்லை என்று தலையாட்டினாள்.

"பேசலையாம். ரெண்டு பேரும் சாப்ட்டாங்களாம்."